நாற்பத்திரண்டாவது தொப்பி

பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்தால் ஒரு தொல்லை உண்டு. படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வருவார்கள். அன்று மதியம் ஒன்றரை மணிக்கு மூச்சு வாங்க ஏறி வந்த மனிதரும் கன்னத்தில் கை வைத்திருந்ததால், ஆபீஸ் உதவியாளன் ரேடியோ பழக்க தோஷத்தில் தலையைத் தூக்காமலே சொன்னான்:

"பல்லுன்னா கீழ சார். இங்க நாங்க உண்மையை மட்டும்தான் புடுங்குவோம்."

"பல் இல்லப்பா, பொண்ணு. ஒரு பொண்ணைக் காணோம்!"

ரேடியோ நிமிர்ந்தான். வந்தவர் நீல நிற டிராக் சூட் போட்டிருந்தார். கழுத்தில் விசில், கையில் வேர்வையில் நனைந்து துவண்ட ஒரு பெயர்ப் பட்டியல். பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டர் என்று எழுதி ஒட்டாத குறை.

ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்த அண்ணி, "உட்காருங்க மாஸ்டர்," என்றாள். இருபது வருஷம் பரீட்சை மேற்பார்வையாளராக வேலை பார்த்தவள். சட்டைக் கை மடிப்பிலும் ஷூவின் நாக்குக்கு அடியிலும் ஒளிந்திருந்த துண்டுச் சீட்டுகளையெல்லாம் பத்தடி தூரத்திலிருந்தே மோப்பம் பிடித்தவள், வேலையை விட்ட மறு மாசமே இந்த ஆபீஸைத் திறந்தாள். உதவிக்குக் கணவனின் தம்பியைச் சேர்த்துக்கொண்டாள். வாய் மூடாத குற்றத்துக்காக மூன்று கம்பெனிகள் வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை அவன். வீட்டில் வைத்த பட்டப் பெயர்தான் ரேடியோ. வைத்தவளும் அண்ணிதான்.

மாஸ்டர் ஒரு டம்ளர் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டுக் கொட்டித் தீர்த்தார். பிளஸ் டூ மாணவர்கள் நாற்பத்திரண்டு பேரை நாலு நாள் சுற்றுலாவுக்கு அழைத்து வந்திருக்கிறார். இரண்டு நாள் பல்கலைக்கழகம், இரண்டு நாள் ஊர் சுற்றல். நேற்று முழுக்கப் பெரிய பல்கலைக்கழகத்தைப் பார்த்தார்கள். இரவு அங்கேயே ஹாஸ்டலில் தங்கினார்கள். இன்று காலை மணிக்கூண்டு, மதியம் இதோ எதிரில் இருக்கும் ஏரிப் பூங்கா. நாலு மணிக்கு பஸ் கிளம்ப வேண்டும்.

"பன்னெண்டரைக்கு ஒரு பொண்ணோட அப்பா போன் பண்ணினார். 'என் பொண்ணு எங்கே, பேசச் சொல்லுங்க'ன்னார். தேடினா ஆளைக் காணோம். போன் போட்டா ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கறா. நான் ஏதோ மழுப்பினேன். மனுஷன் விடலை. 'நாலு மணிக்கு நானே அங்க வர்றேன்'னு வச்சிட்டார். லிஃப்ட் இன்ஸ்பெக்டர் அவர். மூக்குக்கு மேல கோபம் வரும். போன வருஷம் எங்க ஸ்கூல் லிஃப்டுக்கே சீல் வச்சார். ஹெட்மாஸ்டரை உள்ளே வச்சு!"

"பொண்ணு எப்படி?" என்று கேட்டாள் அண்ணி.

"நல்ல பொண்ணு. ஆனா கேள்வி கேட்டே கொல்லுவா. பசங்க அவளைக் கேள்விக்குறின்னுதான் கூப்பிடுவாங்க."

"பஸ்ஸை விட்டு இறங்கறப்போ எண்ணினீங்களா?"

மாஸ்டரின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "அங்கதான் மேடம் இடிக்குது. காலையில ஏறும்போது நாற்பத்திரண்டு. மணிக்கூண்டுல நாற்பத்திரண்டு. இங்க இறங்கும்போது நாற்பத்திரண்டு. ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி, ஒவ்வொண்ணா தொட்டு எண்ணினேன். பொண்ணைக் காணோம். எண்ணிக்கை மட்டும் சரியா இருக்கு!"

அண்ணி பென்சில் சீவுவதை நிறுத்தினாள்.

"அப்போ நீங்க தேட வேண்டியது ஒருத்தரை இல்ல மாஸ்டர், ரெண்டு பேரை. ஒருத்தி குறையறா. ஒருத்தர் கூடியிருக்காங்க."

"பேய், அண்ணி," என்றான் ரேடியோ மெதுவாக. "இல்லேன்னா இரட்டைப் பிறவி. இல்லேன்னா பொண்ணைக் கடத்தின கும்பல், கணக்குக் குறையக் கூடாதேன்னு ஆள் குடுத்து அனுப்பியிருக்கு. நாணயமான கும்பல்."

"வாயை மூடிக்கிட்டு செருப்பைப் போடு."

படியிறங்கும்போதே அண்ணி கேட்டாள்: "காலையில குரூப் போட்டோ எடுத்தீங்களா?"

எடுத்திருந்தார்கள். பூங்கா வாசலில் நின்று மாஸ்டர் தன் போனை நீட்டினார். மணிக்கூண்டின் அடியில் நாற்பத்திரண்டு மஞ்சள் தொப்பிகள். ஒருவன் நாக்கை நீட்டியிருந்தான், ஒருத்தி கண்ணை மூடியிருந்தாள், நாலு பேர் ஒருவர் தலைக்குப் பின்னால் ஒருவர் கொம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியிருந்ததால் தொப்பி நிழலில் பாதி முகங்கள் தெரியவே இல்லை.

"இதை வச்சு நான் மூணு தடவை தேடினேன் மேடம். ஒண்ணும் புரியலை."

"நீங்க முகத்தைத் தேடினீங்க," என்றாள் அண்ணி. "பரீட்சை ஹால்ல முப்பது பேர் பேப்பரைப் பார்த்து எழுதிக்கிட்டிருப்பாங்க. ஒருத்தன் மட்டும் என்னைப் பார்ப்பான். அவன்தான் எனக்கு வேணும். இங்க எல்லாரும் கேமராவைப் பார்க்கறாங்க. இந்த ஓரத்துல ஒரு ஆள் மட்டும் எதைப் பார்க்குது?"

ரேடியோ படத்தைப் பெரிதாக்கினான். ஓரத்தில் நின்ற குள்ளமான உருவம் ஒன்று கழுத்தை அண்ணாந்து மணிக்கூண்டையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. மோவாய் மட்டும்தான் தெரிந்தது.

"மணிக்கூண்டைப் பார்க்க வந்துட்டு மணிக்கூண்டைப் பார்க்குதே! சந்தேகமே இல்ல அண்ணி, இது ஸ்டூடன்ட் கிடையாது."

"சரியாச் சொன்னே," என்றாள் அண்ணி. அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். அதனால் கொஞ்சம் திகைத்துப் போனான். "அந்த உருவத்தோட கையைக் கோத்துக்கிட்டு நிக்கற பொண்ணு யாரு மாஸ்டர்?"

"கேள்விக்குறியோட சிநேகிதி. பஸ்ல பக்கத்து சீட்டு. அவகிட்ட முதல்லயே கேட்டுட்டேன். டாய்லெட் போயிருக்கான்னு சொன்னா."

"எத்தனை மணிக்குச் சொன்னா?"

"பன்னெண்டரைக்கு."

"ஒரு மணி நேரத்துக்கு மேலயா!" என்றான் ரேடியோ. "நம்ம தேட வேண்டியது பொண்ணை இல்ல சார். டாக்டரை."

*

சிநேகிதி படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, யார் வீட்டுக் கல்யாணமோ என்ற மாதிரி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர் தன்னை நோக்கி வருவதைக் கண்டதும் கையிலிருந்த ரொட்டியை அவசரமாக வாய்க்குள் திணித்துக்கொண்டாள். வாய் நிறைந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற பழைய தந்திரம். அண்ணி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மென்று முடிக்கும் வரைக்கும் பொறுமையாகப் புன்னகை செய்தாள். தப்பிக்க வழியில்லை.

"உன் சிநேகிதி எங்கேம்மா?"

"அவங்க ரயிலு... அவ டாய்லெட் போயிருக்கா ஆன்ட்டி."

"சரிம்மா. நீ சாப்பிடு." அண்ணி எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மேடம், மிரட்டிக் கேட்டா சொல்லிடுவா போலிருந்துச்சே!"

"அதான் சொல்லிட்டாளே. உங்க பசங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கூப்பிடுவாங்க?"

"வாடி, போடி, எருமைம்பாங்க."

"பதினேழு வயசுப் பொண்ணு தன் சிநேகிதியை 'அவங்க'ன்னு சொல்லுவாளா? வாய் தவறி வந்துச்சு. உடனே 'அவ'ன்னு மாத்திக்கிட்டா. அவ மனசுல இருந்த ஆள் கேள்விக்குறி இல்ல. அவளைவிட வயசுல பெரிய, மரியாதை குடுத்துப் பேச வேண்டிய ஒரு ஆள். மஞ்சள் தொப்பிக்குக் கீழ இருக்கறது ஒரு பெரியவங்க."

ரேடியோவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அண்ணியோடு ஆறு வருஷமாக வேலை பார்க்கிறான். ஒவ்வொரு தடவையும் அவள் இப்படி ஒரே எழுத்தைப் பிடித்து இழுக்கும்போது மொத்த மூட்டையும் அவிழ்ந்து விழும். கைதட்டலாம் போலிருந்தது. ஆனால் தட்டினால் திட்டுவாள்.

"இன்னொண்ணும் சொன்னா, கவனிச்சியா?" என்று அண்ணி அவனிடம் கேட்டாள்.

"ரயிலு!"

*

ஏரியைச் சுற்றி ஓடும் பொம்மை ரயிலுக்கு ஆறு பெட்டிகள். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. பக்கத்தில் நடந்து போகிற தாத்தாக்கள் அதை முந்திக்கொண்டு போனார்கள். டிக்கெட் கிழிக்கிற அம்மாளிடம் மஞ்சள் தொப்பி என்று சொன்னதுமே அவள் கண்ணை அகல விரித்தாள்.

"குட்டையா, கடைசிப் பெட்டியில? அது இறங்கவே மாட்டேங்குதே! ஆறாவது சுத்து. சுரங்கத்துக்குள்ள போறப்போ ஒவ்வொரு தடவையும் 'ஓ'ன்னு கத்துது. குழந்தைங்ககூட அப்படிக் கத்தறதில்ல."

"தனியாவா இருக்கு?"

"தனியாதான். ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன்ல யார்கிட்டயோ பேசுது. ரகசியமா." டிக்கெட் அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "'வந்துச்சா? இன்னும் வரலியா? கதவைத் திறக்காதே. வெளிச்சம் காட்டாதே. யாரையும் உள்ள விடாதே'ன்னு."

ரேடியோ அண்ணியின் கையைப் பிடித்தான். "கடத்தல் சரக்கு, அண்ணி! சந்தேகமே இல்ல. கேள்விக்குறியை எங்கயோ இருட்டு ரூம்ல அடைச்சு சரக்குக்குக் காவல் வச்சிட்டு, தலைவி இங்க வந்து யாருக்கும் சந்தேகம் வராம ரயில் ஓட்டறா!"

விளையாட்டு மாஸ்டர் ஒரு குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யார் மூஞ்சியில முழிப்பேன்? வேலை போனா போகட்டும் மேடம். பதினேழு வயசுப் பொண்ணு..."

"ஒண்ணும் ஆயிருக்காது," என்றாள் அண்ணி. ஆனால் அவள் குரலிலும் அதுவரை இருந்த விளையாட்டு கொஞ்சம் குறைந்திருந்தது. "ரேடியோ, ரயிலைப் பிடி."

சுரங்கத்தின் மறு வாயிலிருந்து முதலில் ஒரு 'ஓ' வந்தது. பிறகு என்ஜின் வந்தது. கடைசிப் பெட்டியில் மஞ்சள் தொப்பி, கையில் தலையளவு பஞ்சுமிட்டாய். ரேடியோ பாய்ந்தான். நடந்திருந்தாலே எட்டியிருக்கும் ரயிலை ஓடிப் பிடிக்கப் போய், தண்டவாளத்தில் கால் தடுக்கிக் குப்புற விழுந்தான். பின்னால் வந்த மாஸ்டர் தன்னை அறியாமல் விசிலை எடுத்து முழு மூச்சோடு ஊதினார். ரயில் கிறீச்சென்று நின்றது. ஏரியில் போன படகுகள் நின்றன. பூங்காவில் இருந்த நாற்பத்தொரு மஞ்சள் தொப்பிகளும் ஓடி வந்து வரிசையில் நின்றன.

"நீ எந்த கிளாஸ்?" என்று கர்ஜித்தார் மாஸ்டர்.

தொப்பி கழன்றது. அதற்குக் கீழே பாதி நரைத்த கொண்டை, தடித்த மூக்குக் கண்ணாடி, மூக்கு நுனியில் பஞ்சுமிட்டாய்ச் சிவப்பு. ஐம்பது வயதுக்குக் குறையாத அம்மாள் ஒருத்தி அவமானத்தில் முகம் சிவந்து எழுந்து நின்றாள். நின்ற பிறகும் உயரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"நான் கிளாஸ் எடுக்கறவங்க சார்," என்றாள் மெல்லிய குரலில். "பல்கலைக்கழகத்துல. பூச்சியியல் துறைத் தலைவர்."

*

டாக்ஸியில் பின் சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார, முன் சீட்டில் ரேடியோ முழங்காலில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு வந்தான். பிள்ளைகளைக் கூட வந்த கணக்கு டீச்சரிடம் ஒப்படைத்தாயிற்று. மணி இரண்டே முக்கால் ஆகியிருந்தது. பேராசிரியை தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டே பேசினாள்.

அவளுடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு கூட்டுப்புழு இருக்கிறது. மலைக்காட்டில் கிடைத்த ஒரே ஒரு கூடு. அதற்குள்ளிருந்து ஓர் அந்துப்பூச்சி வெளியே வர வேண்டும். வந்ததும் இறக்கையை விரிக்கும். அந்த இனம் இறக்கை விரிப்பதை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பதினோரு வாரமாக அவள் காத்திருக்கிறாள். பகலெல்லாம் அவள், ராத்திரிக்கு அவளிடம் ஆராய்ச்சி செய்யும் ஒரு பையன்.

"கேமரா வச்சிட்டா முடிஞ்சுதே?" என்றான் ரேடியோ.

"சாதாரண வெளிச்சம் பட்டா அது வெளியவே வராது. இருட்டுல படம் எடுக்கற கேமரா வேணும்னு எழுதிக் குடுத்தேன். அந்தக் காகிதம் ஏழு மாசமா மேஜை மேஜையா போய்க்கிட்டிருக்கு. காகிதத்துக்கு முன்னாடி பூச்சி வந்துடும்."

நேற்று மாணவர்கள் நூலகம், கலையரங்கம் என்று சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் மட்டும் கூட்டத்தை விட்டு நழுவி அவளுடைய அறைக்கு வந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டாள். ஒரு கேள்விக்குப் பேராசிரியைக்கே பதில் தெரியவில்லை. கடைசியில் பேராசிரியை பேச்சுவாக்கில் ஒன்று சொல்லிவிட்டாள். இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷமாகியும் ஏரியைப் பார்த்ததில்லை, மணிக்கூண்டுக்கு அடியில் நின்றதில்லை.

"உடனே அந்தப் பொண்ணு தொப்பியைக் கழட்டி என் தலையில வச்சா. 'நீங்க ஊரைப் பாருங்க மேடம், நான் பூச்சியைப் பார்க்கறேன்'னா. வேண்டாம்னுதான் சொன்னேன். ஆனா கண்ணாடியில பார்த்தேனா... தொப்பி ரொம்பப் பொருத்தமா இருந்துச்சு." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்களைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல மாஸ்டர். தப்புதான். மன்னிச்சிடுங்க."

கோபப்படலாமா, இவ்வளவு பெரிய படிப்பாளியின் தலையைத் தொட்டு 'இருபத்தேழு' என்று எண்ணியதற்குத் தான் மன்னிப்புக் கேட்கலாமா என்று மாஸ்டருக்கே தெரியவில்லை போலிருந்தது.

ரேடியோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எத்தனையோ பிள்ளைகள் வகுப்புக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஊர் சுற்றியதைக் கேட்டிருக்கிறான். ஊர் சுற்றுவதற்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வகுப்பறைக்கு ஓடிய பெண்ணை இப்போதுதான் கேள்விப்படுகிறான்.

பேராசிரியை மறுபடியும் போன் போட்டாள். முகம் மாறியது. "எடுக்க மாட்டேங்கறா. இதுவரைக்கும் நான் கூப்பிட்டா உடனே எடுத்துடுவா."

டாக்ஸிக்குள் சிரிப்பு நின்றது. "கொஞ்சம் வேகமாப் போப்பா," என்றாள் அண்ணி.

வேகமாகப் போக வழியில்லை. பாலத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றது. அவர்கள் பூச்சியியல் கட்டிடத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்று இருபத்தைந்து. லிஃப்ட் வாசலில் ஒரு நாற்காலி குறுக்கே போட்டிருந்தது. அதன் மேல் ஒரு காகிதம்: 'கயிறு தேய்ந்திருக்கிறது. யாரும் ஏறக் கூடாது. மணி 2.20.' கீழே ஒரு கையெழுத்து.

"காலையில நல்லாத்தானே இருந்துச்சு," என்றாள் பேராசிரியை.

அண்ணி அந்தக் காகிதத்தை ஒரு விநாடி கூடுதலாகவே பார்த்தாள். பிறகு படியேற ஆரம்பித்தாள். நாலாவது மாடி. மாஸ்டர் மட்டும் துள்ளி ஏறினார். மற்றவர்கள் ஊர்ந்தார்கள்.

நடைக்கூடத்தின் கடைசியில் ஆய்வுக்கூடம். கதவில், 'சத்தம் கூடாது. காலணிகளை வெளியே விடவும்' என்று ஒரு பலகை. கதவுக்குக் கீழே ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி. கறுப்பு, ஆண்கள் போடுவது, ஓரமெல்லாம் கிரீஸ் கறை.

"உள்ள ஒரு ஆள் இருக்கான்!" மாஸ்டர் கதவை உடைக்கப் போகிறவர் மாதிரி தோளைத் திருப்பினார். ரேடியோ சுவரோரம் இருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டான்.

அண்ணி இருவரையும் கையால் மறித்தாள். குனிந்து ஷூக்களைப் பார்த்தாள். இரண்டு ஜோடியும் கயிற்றை அவிழ்க்காமல் காலை மட்டும் உருவிக் கழற்றியவை. "இந்த முடிச்சைப் பாருங்க."

கறுப்பு ஷூவில் சாதாரண முடிச்சு இல்லை. மூன்று சுற்று சுற்றி, நுனிகளை உள்ளே செருகி, ஒரு நூல்கூட வெளியே தொங்காமல் இறுக்கிக் கட்டியது. கான்வாஸ் ஷூவிலும் அதே மூன்று சுற்று. அதே செருகல்.

"நுனி தொங்கினா எதுலயாவது மாட்டிக்கும்னு பயப்படற தொழில்காரர் கட்டற முடிச்சு இது," என்றாள் அண்ணி தணிந்த குரலில். "லிஃப்ட் குழிக்குள்ள இறங்கறவர் மாதிரி. கீழ காகிதம் எழுதி வச்சதும் அவர்தான். இந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசுல ஷூ கட்டக் கத்துக் குடுத்ததும் அவர்தான். உள்ள இருக்கறது அவ அப்பா. ஒரு மணி நேரமா இருக்கார்."

"நாலு மணிக்குப் பூங்காவுக்கு வர்றேன்னாரே!" மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பொண்ணோட போன் எங்க இருக்குன்னு தன் போன்லயே பார்க்கற அப்பாக்கள் இருக்காங்க மாஸ்டர். நீங்க மழுப்பினதும் பார்த்திருப்பார்."

"அப்படின்னா," என்று ரேடியோ துடைப்பத்தைத் திரும்பச் சுவரில் சாய்த்தான், "நாம இனிமே காப்பாத்த வேண்டியது பொண்ணை இல்ல. நம்மளை."

பேராசிரியை கதவை ஓர் அங்குலம் திறந்தாள்.

"ஷ்ஷ்ஷ்!" என்று உள்ளேயிருந்து இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் வந்தன.

சிறிய சிவப்பு விளக்கின் மங்கலில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று, முழங்கால் வரைக்கும் தொங்கும் வெள்ளைக் கோட்டு போட்ட பெண். மற்றொன்று, சாக்ஸ் காலோடு மண்டியிட்டிருந்த பெரிய மீசைக்காரர். நான்கு பேரும் பூனை மாதிரி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

பெட்டிக்குள் ஒரு குச்சி. குச்சியில் கிழிந்த கூடு. கூட்டுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு இறக்கைகளை விரித்து, அப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி மெல்ல அசைந்துகொண்டிருந்தது ஓர் அந்துப்பூச்சி.

பேராசிரியையின் கையிலிருந்து தொப்பி கீழே விழுந்தது. "எப்போ?"

"மூணு பன்னெண்டு மேடம்," என்றாள் கேள்விக்குறி. குரல் உடைந்திருந்தது. "நீங்க கூப்பிட்டப்போ கூடு அசைய ஆரம்பிச்சிருந்துச்சு. போனை எடுத்தா அதோட வெளிச்சம் பட்டுடும்னு எடுக்கலை."

பதினோரு வாரம் காத்திருந்தவள், அது வந்த நேரத்தில் பாலத்தில் லாரிக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். ரேடியோ அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் பேராசிரியை அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எந்த இறக்கைம்மா முதல்ல விரிஞ்சுது?"

அந்தப் பெண் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "எனக்குத் தெரியாது மேடம்! எழுதறப்போ பென்சில் கீழ விழுந்து பீரோவுக்கு அடியில உருண்டுடுச்சு. தவழ்ந்து போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள ரெண்டுமே விரிய ஆரம்பிச்சிடுச்சு. என்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனீங்க... மாஸ்டரையும் ஏமாத்தினேன், உங்க வேலையையும் கெடுத்துட்டேன்."

"இடது," என்றார் மீசைக்காரர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இடது பக்க மேல் இறக்கை. நுனியிலிருந்து இல்ல, அடியிலிருந்து. கசங்கின கைக்குட்டையை உதறாம நீவி விடற மாதிரி. பதினாலு செகண்ட் கழிச்சு வலது." தன் பழைய நிறுத்துக் கடிகாரத்தை நீட்டினார். "லிஃப்ட் கதவுக்கு வச்சிருக்கறது. கை பழக்கத்துல அமுக்கிட்டேன். லிஃப்ட் கதவு மாதிரி ரெண்டும் ஒண்ணாத்தான் திறக்கும்னு நெனச்சேன் மேடம். திறக்கல."

பேராசிரியை அவரிடம் நெருங்கினாள். "நிச்சயமாவா? இருட்டா இருக்கு. நீங்க இதுக்கு முன்னாடி பூச்சி பார்த்ததில்ல."

மீசை விறைத்தது. "இருபத்தாறு வருஷமா இருட்டுக் குழிக்குள்ளதான் வேலை பார்க்கறேன். என் கண்ணால பார்க்காததுக்கு நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது."

பேராசிரியை ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். உலகத்தில் இந்த இறக்கை விரிவதைப் பார்த்த ஒரே மனிதர் ஒரு லிஃப்ட் இன்ஸ்பெக்டர்! அது மாஸ்டருக்குத் தொற்றியது. அவர் சிரித்தால் விசில் ஊதிவிடுமோ என்று அதைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரேடியோ தன் முழங்கால் வலியையும் மறந்து அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

"உங்களுக்குக் கோபம் வரலியா சார்?" என்று கடைசியில் மாஸ்டர் பயந்து பயந்து கேட்டார்.

"வராமலா? கத்தறதுக்குத்தான் வந்தேன். கதவைத் திறந்து வாயைத் திறக்கறதுக்குள்ள, 'அப்பா, கதவு! மூச்சு விடாதீங்க!'ன்னா. என்னை அவ அதட்டினதே கிடையாது. அப்படியே உட்கார்ந்துட்டேன்." அவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட பொய் சொல்லிட்டு வந்ததுக்கு இவளை நான் வீட்டுல கவனிச்சுக்கறேன். முதல்ல சார்கிட்ட மன்னிப்பு கேளு."

கேள்விக்குறி கேட்டாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மாஸ்டர், "சரிம்மா, சரிம்மா, அழாதே," என்று தானே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேராசிரியை குறிப்பேட்டைத் திறந்து மீசைக்காரர் முன்னால் வைத்தாள். பதினோரு வாரப் பக்கங்களில் 'மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை' என்றே எழுதியிருந்தது. கடைசி வரிக்குப் பக்கத்தில், பார்த்தவர் என்ற இடத்தில், அவர் மீசையை ஒரு தடவை நீவிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"ஏம்மா," என்றார் மகளைப் பார்க்காமல், பூச்சியைப் பார்த்துக்கொண்டே. "இன்ஜினியரிங் வேண்டாம், வேற என்னவோ படிக்கணும்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தியே. அதுக்கு என்ன பேரு?"

ரெண்டு வருஷமாக எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று ரேடியோ நினைத்துக்கொண்டான்.

"பூச்சியியல்பா."

"பூச்சி...?"

"இயல்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ஒரு பக்கத்தைத் திருப்பி, சிவப்பு வெளிச்சத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார்.

"'யி'க்கு அப்புறம் இன்னொரு 'ய'வா, இல்ல 'இ'யா? சரியாச் சொல்லு. உங்கம்மாகிட்ட நான்தானே போய்ச் சொல்லணும்."